பதினோராம் கொக்கி

எங்கள் சைக்கிள் கடை குன்னூர் பஜாரில் இருக்கிறது. அகலம் ஒன்பது அடி, நீளம் இருபத்தோரு அடி, தரையிலிருந்து பலகைக் கூரை வரை பதினொன்றரை அடி. இந்த மூன்றையும் நாடா பிடித்து இரண்டு முறை அளந்து டைரியில் எழுதினேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வந்தது. அதையும் எழுதினேன்.

அதற்கு முந்தைய மாதம் வரை அகலம் பதினெட்டு அடி. கட்டட உரிமையாளருக்குப் பாதி இடம் திரும்ப வேண்டியிருந்தது. நடுவில் ஒரு சுவர் எழும்பி, அந்தப் பக்கம் வர்க்கி பிஸ்கட்டும் சாக்லேட்டும் விற்கும் கடை வந்தது. சுவர் முழுக்கக் காய்வதற்கு முன்பே அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் பதினாறு சைக்கிள்கள் ஒன்றின் ஹாண்டில் பாருக்குள் ஒன்று கையை விட்டுக்கொண்டு நின்றன. உள்ளே இருப்பதில் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஐந்தை எடுத்துத் தெருவில் நிறுத்த வேண்டும். தெருவில் நிறுத்தினால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். மழை வந்தால் ஐந்தையும் துடைத்து உள்ளே வைக்க வேண்டும். குன்னூரில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.

சைக்கிள்களை மேலே தொங்கவிடுவது என்று நான்தான் முடிவு செய்தேன்.

கடை எனக்கும் அண்ணனுக்கும் பொது. அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். அரவேணுவில் வீடு, காலை எட்டேகால் பஸ்ஸில் வருவார், மாலை ஆறரை பஸ்ஸில் போவார். வண்டிகளைப் பாகம் சேர்த்துப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் சரக்கு வரவழைப்பதும் என் வேலை. விற்பது அவர் வேலை. இந்த ஊரில் சைக்கிள் வாங்குகிறவர் பாதித் தூரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் விற்க வாய் வேண்டும். எனக்கு அந்த வாய் இல்லை.

கொக்கி யோசனையைச் சொன்னபோது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"சைக்கிள்னா உக்காந்து பாக்கோணும், பெல்லை அடிக்கோணும். வௌவாலாட்டம் தலைக்கு மேல தொங்கவிட்டா எவன் வாங்குவான்?"

"எறக்கிக் காட்டலாமுங்கண்ணா. கப்பி போடறேன்."

"கப்பி போட்டுக் கெணத்துல தண்ணி எறைக்கறதுக்கு நாம எதுக்கு?"

"போன மழைக்கே நீங்கதான இடம் பத்தலைன்னு சொன்னீங்க" என்று டைரியை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். அவர் சொன்னது சொன்னபடி அதில் இருந்தது. அண்ணன் கையை எடுத்துக் கும்பிட்டார். என் டைரிக்கு அண்ணி வைத்த பெயர் கோர்ட்டு புஸ்தகம். குடும்பத்தில் யார் எதை எப்போது சொன்னார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தால் நான் அதைத் திறந்து வாசித்துவிடுவேன். பேச்சு அத்துடன் முடியும். முடிவதை நல்லது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆசாரியை வைத்துப் பலகைகளைக் கழற்றி, தகரக் கூரையைத் தாங்கும் உத்திரங்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றில் மட்டும் கொக்கி போட்டோம். இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு. இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்பி, ஒரு கயிறு, இரண்டு கை கொண்ட ஒரு கொக்கி. ஒரு கை சீட்டைப் பிடிக்கும், இன்னொன்று ஹாண்டில் பாரை. கயிற்றின் மறுமுனை அந்தந்தப் பக்கத்துச் சுவரில் அறைந்த கட்டையில் சுற்றியிருக்கும். கட்டையில் எண் எழுதினேன். எந்த எண்ணில் எந்த வண்டி என்பதை ஓர் அட்டையில் கட்டம் போட்டுப் பென்சிலால் எழுதி, கடையின் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி மேஜைக்கு மேலே உயரமாக ஆணி அடித்து மாட்டினேன். தொங்கும் சைக்கிளைத் திருப்பிக் காட்ட, நுனியில் ரப்பர் சொருகிய ஒரு நீளக் கழியும் செய்தேன். அண்ணன் அதைத் தொரட்டி என்றார்.

முதல் நாள் மாலை பதினாறும் மேலே ஏறிய பிறகு சிமெண்டுத் தரை முழுதாகத் தெரிந்தது. பழைய கடையில்கூட அது அப்படித் தெரிந்ததில்லை. அண்ணன் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, "அட்டையை ஒருக்கா வாசி" என்றார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொருக்கா" என்றார். மறுபடியும் வாசித்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் விற்றதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வந்தவர்கள் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்ப்பார்கள். அண்ணன் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். "அந்த நீலமா? அது ஏழுங்க. பக்கத்துல ஒம்போதுல கியர் வண்டி, கோத்தகிரி ஏத்தத்துலயும் மூச்சு வாங்காது. யாருக்கு மூச்சு வாங்காதுன்னு கேக்காதீங்க." சொல்லிக்கொண்டே தொரட்டியைத் தூக்கி, பார்க்காமலே ஏழாம் வண்டியின் சக்கரத்தைத் தட்டிச் சுழல விடுவார். "பர்லியார்த் தோட்டத்துல பலாப்பழம் பறிக்கறாப்பல இருக்குதுங்க" என்று ஒருவர் சொன்னதற்கு, "இது முள்ளு குத்தாதுங்க, தைரியமா வாங்குங்க" என்றார்.

அந்த நாட்களின் டைரிக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. 'அண்ணனின் ஞாபகசக்தி ஆச்சரியம். பதினாறும் மனப்பாடம்.' இது ஒன்று. பத்து நாள் கழித்து: 'அண்ணன் பெரும்பாலும் ஸ்டூலிலேயே இருக்கிறார்.' இன்னொரு நாள்: 'இரண்டாம் வண்டியின் பிரேக் கம்பி மேலே சிக்கியது. பார்க்கச் சொன்னேன். பார்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். கொக்கி போட்ட கோபம் இன்னும் போகவில்லை.' கண்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். காரணத்தை மட்டும் நானே போட்டுக்கொண்டேன்.

எங்கள் கடையில் சைக்கிளை ஒளித்து வைக்கும் வழக்கம் உண்டு. எஸ்டேட்டின் ஒற்றை அறை லயத்து வீடுகளில் ஒரு சைக்கிளை மறைத்து வைக்க இடம் கிடையாது. பிறந்த நாளுக்குப் பிள்ளைக்கு வண்டி வாங்குகிறவர்கள் முன்கூட்டியே வந்து தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த நாள் வரை கடையிலேயே வைத்திருக்கச் சொல்வார்கள். கொக்கி வந்த பிறகு இது இன்னும் சுலபமானது. பிள்ளை கடைக்கே வந்து மேலே பார்த்தாலும், தொங்குகிற பதினாறில் தன்னுடையது எது என்று தெரியாது. நாங்கள் அடையாளம் எதுவும் கட்டுவதில்லை. எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

அந்த ஐப்பசியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் தன் மகளுக்கு ஒரு ரோஸ் நிற வண்டியைத் தேர்ந்தெடுத்தார். முன்னால் சின்னக் கூடை, சக்கரக் கம்பிகளில் கலர் மணிகள். பாப்பாவுக்கு எட்டு வயது நிறையப் போகிறது, மூன்று வாரம் இருக்கிறது என்றார். பதினோராம் கொக்கியில் ஏற்றினோம். அவர் போனதும் அண்ணன் தனக்குள் "பதினொண்ணு, பாப்பா" என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் மழை விடவில்லை. ஒரு காலையில் கடையைத் திறந்தபோது பதினோராம் கொக்கிக்கு நேர் மேலே பலகை இடுக்கில் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் வண்டியின் சீட்டு நனைந்திருந்தது. சங்கிலியில் துரு ஏறும் என்று அதை இறக்கித் துடைத்து நான்காம் கொக்கிக்கு மாற்றினேன். நான்கில் இருந்தது ஒரு பழைய கறுப்பு வண்டி. பால் ஊற்றுகிற ஒருவர் பழுதுக்கு விட்டுப்போய் மாதக் கணக்கில் எடுக்காதது, பின்னால் பெரிய கேரியர் வைத்தது. நனைந்தால் நனையட்டும் என்று அதைப் பதினொன்றில் ஏற்றினேன். அட்டையில் இரண்டு கட்டங்களையும் ரப்பரால் அழித்து மாற்றி எழுதினேன். டைரியிலும் எழுதினேன்.

அண்ணன் அன்று கடைக்கு வரவில்லை. பிக்கட்டியில் அண்ணி வழியில் ஒரு கல்யாணம். மறுநாள் வந்தவரிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அட்டையைத் திருத்தியாயிற்று, வண்டி கண்ணுக்கு எதிரே தொங்குகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை. அப்பாவும் மகளும் மதியம் வந்தார்கள். பாப்பா தலைக்குக் கனகாம்பரம் வைத்து, புது கவுனுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் கடைக்கோடியில் ஒரு சக்கரத்துக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்தேன். காற்றடிக்க வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் வாசலில் நின்றார்கள்.

அண்ணன் பாப்பாவை நடுக்கடையில் நிறுத்தினார். "கண்ணை இறுக்கி மூடிக்கோணும் பாப்பா. ஓரக்கண்ணுல பாத்தீன்னா சைக்கிள் பறந்து பர்லியாருக்குப் போயிரும்."

"அங்க கொரங்கு ஓட்டீருமா?"

"ஓட்டீரும். அப்பறம் அதுகிட்டக் கெஞ்சித்தான் வாங்கோணும்."

பாப்பா இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்த்தபடியே, சைக்கிள் வரிசைக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் சுவரைத் தடவிப் பதினோராம் கட்டையின் கயிற்றை அவிழ்த்தார். கப்பி கிறீச்சிட்டது. வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் மெல்ல இறங்கியது. அப்பாவின் முகம் மாறியது. "ஏனுங்க..." என்று ஆரம்பித்தார். அண்ணன் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். டயர் தரையைத் தொட்டது.

"இப்பத் தொறங்க மகாராணி!"

பாப்பா கையை எடுத்தாள். காற்றுப் போன டயரும், பால் கேன் வைக்கும் கேரியரும், துருவோடு சொட்டுகிற மழைத்தண்ணியுமாக அந்தக் கறுப்பு வண்டி நின்றது.

"இதுவாப்பா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

வாசலில் நின்ற பையன் ஒருவன், "பாப்பா, எங்க ஊட்டுக்கு அரை லிட்டர் ஊத்து" என்றான். மற்றவன் சிரித்தான். பாப்பா அழ ஆரம்பித்தாள். அண்ணன் உடம்போடு திரும்பி வண்டியைப் பார்த்தார். அப்போதும் மேலே பார்க்கவில்லை. கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, பார்வையைத் தரையோடு வலப்பக்கமும் இடப்பக்கமும் கொண்டு போனார். காணாமல் போனதைத் தரையில் தேடுகிறவரைப் போல.

நான் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். "ஒரு தடவை நிமிந்து பாத்தா என்னங்கண்ணா, கொறைஞ்சா போயிருவீங்க?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அடுத்த கடையில் சாக்லேட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் நான்காம் கயிற்றை அவிழ்த்து ரோஸ் வண்டியை இறக்கினேன். பாப்பாவின் அழுகை கூடையைப் பார்த்ததும் பாதியில் நின்றது. "விடுங்க, தப்பு எல்லாருக்கும் வர்றதுதானுங்க" என்று அவள் அப்பா அண்ணனிடம் சொன்னார், என்னிடம் அல்ல. அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்கள்.

அண்ணன் தொரட்டியை மூலையில் சாய்த்து வைத்தார். ஸ்டூலைத் துடைத்தார். வழக்கமான ஆறரை பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே கிளம்பினார். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: 'அண்ணனின் கவனக்குறைவால் வாடிக்கையாளர் முன் அவமானம்.'

ஞாயிறு கடை லீவு. திங்கள், செவ்வாய், புதன் அவர் வரவில்லை. நான் போன் செய்யவில்லை. என் பக்கம் நியாயம் இருப்பதாகவே இருந்தேன். மூன்று நாளில் ஒரே ஒரு மட்கார்டு விற்றது. புதன் இரவு சாப்பிடும்போது என் மனைவி, "நாளைக்கு நீங்க போகலைன்னா நான் போறேன்" என்றாள். வியாழன் காலை அரவேணு பஸ் ஏறினேன்.

அண்ணி கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. கோர்ட்டு புஸ்தகத்தைக் கொண்டாந்தீங்களா?" என்றார். சிரிக்கவில்லை.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தோல் நிறத்தில் பட்டை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை மூடிக்கொண்டு மஞ்சுமூட்டம் நின்றது. பார்க்க ஒன்றுமில்லாத அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"பட்டை முந்தாநேத்து. மத்தது போன பனியிலிருந்து."

"மத்ததுன்னா?"

"நிமிந்தா கண்ணு இருட்டீட்டு வருது. ஊடு, செவுரு எல்லாம் பம்பரமாட்டம் சுத்துது. கழுத்துல நரம்பு அமுங்குதாம். கோயமுத்தூர் டாக்டரு சொன்னாரு. குனிஞ்சா ஒண்ணுமில்லை. நேரா பாத்தா ஒண்ணுமில்லை. மேல பாத்தாத்தான்."

போன பனி என்றால் கொக்கி போடுவதற்கு எட்டு மாதம் முன்பு.

"கொக்கி போடறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

டீயைக் கொண்டு வந்து வைத்த அண்ணி சொன்னார்: "சொன்னா எழுதிப் போடுவீங்களே தம்பி. அண்ணனுக்குத் தலைசுத்தல்னு தேதி போட்டு எழுதுவீங்க. பொறகு என்னைக்காச்சும் ஒரு பேச்சு வந்தா எடுத்துப் படிப்பீங்க. அதுக்குப் பயந்துட்டுத்தான் இந்த மனுசன் வாயைத் தொறக்கலை."

"நீ போ அக்கட்டால" என்றார் அண்ணன். அண்ணி போகவில்லை.

"பதினாறு நம்பரு" என்றார் அண்ணன் என்னிடம். "அதென்ன பெரிய வித்தையா? நீ வாசிச்சே, நான் மனசுல ஏத்திக்கிட்டேன். ஓட்டீரலாம்னு இருந்தேன். நீ மாத்துவேன்னு நெனைக்கலை."

"அட்டையில திருத்தியிருந்தனுங்கண்ணா."

"அட்டையை எங்க மாட்டியிருக்கற?"

மேஜைக்கு மேலே ஏழரை அடி உயரம். நானே அளந்து அடித்த ஆணி.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன், "அன்னிக்கு நோட்டுல என்ன எழுதினே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுதலைங்கண்ணா."

அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார். "நீயா?" என்றார்.

திரும்பி வந்த அன்றே, முன்பக்கத்து எட்டு வண்டிகளையும் இறக்கித் தரையில் நிறுத்தினேன். அட்டையைக் கழற்றி மேஜைமேல் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்; நிமிராமலே எட்டும் தெரிந்தன. அண்ணனுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார்.

அவர் வந்த வேளையில் கடையில் ஆள் இருந்தது. சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. அந்த அம்மாவின் துப்பட்டா ஒரு பிரேக் பிடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போன கணவரின் கால் பட்டு ஒரு வண்டி சாய, வரிசையாக நான்கு சாய்ந்தன. "வேண்டாம் வா, பக்கத்துல போலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சாக்லேட் கடைக்குப் போனார்கள். அண்ணன் இதையெல்லாம் படியில் நின்று பார்த்தார். உள்ளே வருவதற்கு அவருக்கும் வழி இல்லை. நான் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"எனக்காக எறக்கினயா?"

"ஆமாங்கண்ணா."

"எறக்கீட்டு, என்னை எங்க நிக்கச் சொல்றே?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு கதவு நிலையில் கை வைத்து, கடையை ஒருமுறை தரையோடு தரையாகப் பார்த்தார். "ஏத்திரு" என்றார். "ஏவாரம் நடக்கோணும்." டீ வேண்டாம் என்றார். பத்தரை பஸ் இருக்கிறது என்று போய்விட்டார். அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. எட்டு வண்டிகளையும் அன்று மாலையே ஏற்றினேன்.

இப்போது விற்பதும் நான்தான். வருகிறவர்கள் மேலே பார்க்கிறார்கள், நானும் அவர்களோடு மேலே பார்க்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வரவில்லை. கோத்தகிரி ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள். ரோஸ் வண்டிப் பாப்பா ஒருமுறை காற்றடிக்க வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். "கொரங்கு மாமா இல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கொஞ்ச நாள் வரை அண்ணன் மாலையில் கடை சாத்தும் நேரத்துக்குப் போன் செய்வார். "அட்டையை வாசி" என்பார். ஒன்றிலிருந்து பதினாறு வரை வாசிப்பேன். "மூணுல இன்னும் அதேதானா? அதை வாசல் பக்கம் மாத்து" என்பார். மாற்றிவிட்டு மறுநாள் சொல்வேன். பிறகு அவர் அழைப்பது குறைந்தது. இப்போது நான்தான் அழைக்கிறேன். அண்ணி எடுத்து, "சொல்லுங்க தம்பி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்" என்பார். வாசிப்பேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு "ம்" கேட்கும். சில நாள் எட்டு, ஒன்பதுக்கு மேல் அதுவும் கேட்காது. கேட்காவிட்டாலும் பதினாறு வரை வாசித்துவிட்டுத்தான் வைப்பேன். இந்த அழைப்புகள் எதையும் நான் டைரியில் எழுதுவதில்லை.

நேற்றும் மழை. பதினொன்று வரை வந்து, "காலி" என்றேன். ஆசாரி இரண்டு முறை தார் பூசியும் அந்த இடுக்கு அடைபடவில்லை. அங்கே நான் எதையும் தொங்கவிடுவதில்லை.

"ஒழுகுதா?" என்று அண்ணன் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஒழுகுதுங்கண்ணா."

"வாளி வெச்சயா?"

"வெச்சிருக்கறனுங்க."

பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை வாசித்து முடித்தேன். போனை வைத்துவிட்டு, வாளியைத் தெருவில் கொட்டி, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். டைரியை எடுத்து, அன்றைய பக்கத்தில் 'மழை' என்று மட்டும் எழுதினேன்.